எண்ணுக்குக் காவல் வைத்தவர்: ஹான்ஸ் பீட்டர் லூன் வாழ்க்கை வரலாறு

பிழைப்புக்காக வெளியூர் வந்தவனுக்குப் பெயர் இரண்டாம் பட்சம். எண்தான் முதல்.

வேலை செய்யும் இடத்தில் ஒரு எண். வங்கியில் ஒரு எண். ரெயில் டிக்கெட்டில் ஒரு எண். கையில் உள்ள செல்போனுக்குள் ஒரு எண். ஆதார் அட்டையில் ஒரு எண். இத்தனை எண்களும் சரியாக இருந்தால்தான் சம்பளம் வரும். ஊருக்குப் பணம் போகும்.

ஒரே ஓர் இலக்கம் இடம் மாறினால் போதும். எண் வேறு ஆளுடையது ஆகிவிடும்.

மனிதன் எழுதும்போது தவறு செய்வான். அந்தத் தவறை அந்த எண்ணே காட்டிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தார் ஒருவர். அதற்கு வழியும் கண்டுபிடித்தார். அவர் பெயர் ஹான்ஸ் பீட்டர் லூன். அவர் இறந்து 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் அவர் வகுத்த கணக்கு உலகம் முழுவதும் ஓயாமல் நடந்துகொண்டே இருக்கிறது.

அவரும் நம்மைப் போலச் சொந்த ஊரை விட்டுப் பிழைக்க வந்தவர்தான்.

அச்சுக்காரர் மகன்

ஜெர்மனி நாட்டில் பார்மன் என்று ஓர் ஊர். நெசவுக்குப் பெயர் போன ஊர். இப்போது அது வுப்பர்டால் என்ற நகரத்தின் ஒரு பகுதி.

அங்கே 1896-ம் ஆண்டு ஜூலை மாதம் 1-ந் தேதி லூன் பிறந்தார். தந்தையார் அச்சுத் தொழிலில் தேர்ந்தவர்.

அச்சுக்கூடத்தில் வளர்ந்த பிள்ளைக்கு ஒரு பழக்கம் தானாக வரும். எழுத்து எழுத்தாகப் பார்க்கும் பழக்கம். ஓர் எழுத்து தலைகீழாகக் கோக்கப்பட்டால் அது ஆயிரம் தாளிலும் தலைகீழாகத்தான் விழும். அச்சு ஓடுவதற்கு முன்பே பிழையைப் பிடித்துவிட வேண்டும். இது அச்சுக்காரர்களின் பால பாடம்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும், குடும்பத் தொழிலை முறையாகக் கற்றுக்கொள்ள லூன் சுவிட்சர்லாந்துக்குச் சென்றார். அந்தப் படிப்புக்கு இடையூறாக முதல் உலகப்போர் வந்தது. ஜெர்மன் ராணுவத்தில் செய்தித் தொடர்பு அதிகாரியாகப் பணிபுரிந்தார்.

போரில் ஜெர்மனி தோற்றது. நாட்டில் வேலை இல்லை. பணத்துக்கு மதிப்பு இல்லை. லூன் அச்சுத் தொழிலுக்குத் திரும்பவில்லை. ஜவுளித் தொழிலில் இறங்கினார். அந்தத் தொழில் அவரை அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்றது.

நூல் எண்ணும் கண்ணாடி

ஜவுளி மில்லில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு துணியின் தரத்தைச் சொல்ல வேண்டுமானால், ஓர் அங்குலத்தில் எத்தனை நூல் ஓடுகிறது என்று எண்ண வேண்டும். பூதக் கண்ணாடியை வைத்து, ஊசி முனையால் ஒவ்வொரு நூலாகத் தள்ளித் தள்ளி எண்ணுவார்கள். கண் பூத்துவிடும். எண்ணுகிறவர் நடுவில் ஒரு நூலைத் தவறவிட்டால் கணக்கு போயிற்று.

லூன் இதற்கு ஓர் எளிய கருவியைச் செய்தார். நெருக்கமான கோடுகள் வரைந்த ஒரு சிறிய தகடு. கோடுகளின் நெருக்கம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மாறிக்கொண்டே போகும். தகட்டைத் துணியின் மேல் வைத்தால், நூலும் கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அலை அலையாக ஓர் உருவம் தெரியும். அந்த உருவம் எந்த இடத்தில் நிற்கிறதோ, அந்த இடத்தில் உள்ள எண்தான் நூலின் எண்ணிக்கை.

எண்ண வேண்டியதே இல்லை. வைத்துப் பார்த்தால் போதும்.

அந்தக் கருவிக்குத் தம் பெயரையே சேர்த்து லூனோமீட்டர் என்று பெயர் வைத்தார். அவர் காலத்துக்குப் பிறகும் நெடுங்காலம் அது விற்பனையில் இருந்தது.

லூனின் புத்தி வேலை செய்யும் விதம் இந்த ஒரு கருவியிலேயே தெரிகிறது. மனிதன் அலுத்துப்போய்த் தவறு செய்யும் இடம் எது என்று பார்ப்பார். அந்த இடத்தில் ஒரு சிறு உபாயத்தைச் செருகுவார்.

மழைச் சட்டை முதல் பான விருந்து வரை

1920-ம் ஆண்டுகளின் பிற்பகுதியிலிருந்து லூன் சொந்தமாகத் தொழில் ஆலோசனை நடத்தினார். எந்தக் கம்பெனிக்கு எந்தச் சிக்கல் வந்தாலும் அதற்கு ஒரு எந்திரம் யோசித்துத் தருவது அவர் வேலை.

மடித்துப் பைக்குள் வைக்கக்கூடிய மழைச் சட்டை. பெண்கள் அணியும் காலுறைக்கு வடிவம் கொடுக்கும் கருவி என்று பல பொருள்களுக்குக் காப்புரிமை பெற்றார். ஆயுள் முழுவதும் சேர்த்து அவர் பெற்ற காப்புரிமைகள் எழுபதுக்கு மேல்.

அவற்றில் ஒன்று வேடிக்கையானது. பல சரக்குகளைக் கலந்து பானம் தயாரிக்கிறவர்களுக்கான அட்டைக் கருவி அது. வீட்டில் இருக்கும் சரக்குகளுக்கு உரிய அட்டைகளை ஒன்றாக அடுக்கினால், அவற்றைக் கொண்டு என்னென்ன பானம் செய்யலாம் என்று தெரிந்துவிடும்.

விளையாட்டுப் பொருள்போல் தோன்றும். ஆனால் உள்ளே இருப்பது பெரிய விஷயம். ஆயிரம் குறிப்புகளில் தேவையானதை மட்டும் ஒரு நொடியில் பொறுக்கி எடுப்பது எப்படி? பின்னாளில் கம்ப்யூட்டர் உலகம் முழுவதையும் ஆட்டிப் படைத்த கேள்வி இதுதான். லூன் அதைக் குடுவை, கோப்பைகளை வைத்தே தொடங்கிவிட்டார்.

ஐ.பி.எம். கம்பெனியில் உத்தியோகம்

1941-ம் ஆண்டு லூன், ஐ.பி.எம். கம்பெனியில் மூத்த ஆராய்ச்சிப் பொறியாளராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 45. பலர் இனிப் புதிதாக என்ன செய்யப் போகிறோம் என்று ஒதுங்கும் வயது. அவருடைய பெரிய வேலைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் தொடங்கின.

அந்தக் காலத்தில் ஐ.பி.எம். என்றால் துளை அட்டை. தடித்த காகித அட்டையில் துளைகள் போட்டு, அந்தத் துளைகளை எந்திரம் படித்துக் கணக்குப் போடும். சம்பளப் பட்டியல், சரக்கு இருப்பு, காப்பீட்டுக் கணக்கு எல்லாம் அந்த அட்டைகளில்தான்.

அட்டையில் துளை போடுகிறவர் ஒரு குமாஸ்தா. அவர் தவறு செய்யக்கூடும் என்பதால், அதே அட்டையை இன்னொரு குமாஸ்தா மற்றொரு எந்திரத்தில் வைத்து மறுபடியும் முழுவதையும் தட்டுவார். இரண்டும் ஒத்துப்போனால் சரி. இல்லாவிட்டால் எந்திரம் நின்றுவிடும்.

ஒரு வேலைக்கு இரண்டு ஆள். இரண்டு மடங்கு நேரம்.

அதிலும் ஒரு கோளாறு இருந்தது. முதலில் எழுதிக் கொடுத்த தாளிலேயே எண் தவறாக இருந்தால், இரண்டு குமாஸ்தாக்களும் அதே தவறைப் பிசகாமல் தட்டிவிடுவார்கள்.

1947-ம் ஆண்டில் வேதியியல் நிபுணர்கள் ஜேம்ஸ் பெர்ரி, மால்கம் டைசன் இருவரும் ஐ.பி.எம். கம்பெனியை அணுகினார்கள். குறியீடுகளாக எழுதி வைத்த ஏராளமான ரசாயனப் பொருள்களில் தேவையானதைத் தேடி எடுக்க எந்திரம் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அந்தப் பொறுப்பு லூனிடம் வந்தது. அதற்கென ஒரு எந்திரத்தையும் அவர் உருவாக்கினார். அன்று முதல் எண்ணும் எழுத்தும் அவர் சிந்தையை விட்டு அகலவே இல்லை.

எண்ணோடு சேர்த்து ஒரு சாட்சி

பழைய கணக்கர்கள் கூட்டலைச் சரிபார்க்க ஒரு வழி வைத்திருந்தார்கள். எண்ணின் இலக்கங்களைக் கூட்டி ஒன்பதைத் தள்ளிக்கொண்டே வருவது. மிஞ்சுவது இரு பக்கமும் ஒன்றாக இருந்தால் கணக்கு சரி.

நல்ல வழிதான். ஆனால் இலக்கங்கள் இடம் மாறினால் அது கண்டுபிடிக்காது. 61 என்றாலும் 16 என்றாலும் கூட்டினால் 7 தானே!

எழுதும்போது மனிதன் செய்யும் தவறுகளில் முக்கியமானவை இரண்டு. ஓர் இலக்கத்தை வேறாக எழுதிவிடுவது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றி எழுதிவிடுவது. இரண்டையும் பிடிக்க வேண்டும். அதுவும் ஒரே ஓர் இலக்கத்தை அதிகப்படியாகச் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

லூன் கண்ட வழி இது: எண்ணில் ஒன்று விட்டு ஒன்றாக உள்ள இலக்கங்களை இரட்டிப்பாக்கு. இரட்டித்தது 9-க்கு மேல் போனால், அதன் இரண்டு இலக்கங்களையும் கூட்டி ஒற்றை இலக்கமாக்கு. பிறகு எல்லாவற்றையும் கூட்டு. கூட்டுத்தொகை பத்தின் மடங்காக வருவதற்கு எவ்வளவு குறைகிறதோ, அதுவே கடைசியில் சேர்க்க வேண்டிய காவல் இலக்கம்.

ஒரு காகிதத்தை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

47618 என்று ஓர் எண். வலது பக்கத்திலிருந்து தொடங்குவோம். 8-ஐ இரட்டித்தால் 16. அதன் இலக்கங்களைக் கூட்டினால் 7. அடுத்த 1 அப்படியே 1. அடுத்த 6 இரட்டித்தால் 12, கூட்டினால் 3. அடுத்த 7 அப்படியே 7. கடைசி 4 இரட்டித்தால் 8.

இப்போது 7, 1, 3, 7, 8 ஆகியவற்றைக் கூட்டினால் 26. முப்பதுக்கு 4 குறைகிறது. ஆகவே காவல் இலக்கம் 4. முழு எண் 476184.

யாரோ ஒருவர் அவசரத்தில் 6-ஐயும் 1-ஐயும் மாற்றி 471684 என்று எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கணக்கைப் போட்டால், காவல் இலக்கத்தையும் சேர்த்துக் கூட்டுத்தொகை 34 வரும். பத்தின் மடங்கு அல்ல. தவறு வெளிப்பட்டுவிட்டது.

7-ஐ 1 என்று எழுதி 416184 ஆக்கிவிட்டால் 24 வரும். அதுவும் அகப்பட்டுக்கொள்ளும்.

இது எப்படி என்றால், 0 முதல் 9 வரை இரட்டித்து ஒற்றையாக்கினால் 0, 2, 4, 6, 8, 1, 3, 5, 7, 9 என்று வரும். எந்த இரண்டு இலக்கமும் ஒரே விடை தருவதில்லை. ஆகையால் ஓர் இலக்கம் மாறினால் கூட்டுத்தொகை மாறியே தீரும். ஓர் இலக்கத்தை இரட்டித்து அடுத்ததை விட்டுவிடுவதால், இடம் மாறினாலும் கணக்கு இடிக்கும்.

கையடக்க எந்திரம்

இந்தக் கணக்கை வாயால் போடச் சொன்னால் குமாஸ்தா மறுபடியும் தவறு செய்வார். அது லூனுக்குத் தெரியும்.

ஆகவே கையில் பிடித்துக்கொண்டு பயன்படுத்தக்கூடிய, சக்கரங்கள் கொண்ட ஒரு சிறு எந்திரத்தை வடிவமைத்தார். மின்சாரம் வேண்டாம். எண்ணின் இலக்கங்களை வரிசையாக அதில் ஏற்றிக்கொண்டே வந்தால், காவல் இலக்கம் என்ன என்பதை எந்திரமே காட்டும். ஏற்கனவே காவல் இலக்கம் உள்ள எண் என்றால், அது சரியா தவறா என்று சொல்லும்.

1954-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி இதற்குக் காப்புரிமை கேட்டு மனு செய்தார். 1960-ம் ஆண்டு ஆகஸ்டு 23-ந் தேதி காப்புரிமை கிடைத்தது. காப்புரிமை எண் 2,950,048. அப்போது லூனுக்கு வயது 64.

கொத்துப் பரோட்டா கணக்கு

மனுச் செய்வதற்கு ஓராண்டு முன்னதாகவே, 1953-ம் ஆண்டு ஜனவரியில், லூன் தம் கம்பெனிக்குள் ஒரு குறிப்பு எழுதினார். சரித்திரத்தில் அதற்கும் இடம் உண்டு.

ஆயிரக்கணக்கான ஆட்களின் விவரங்கள் எந்திரத்துக்குள் இருக்கின்றன. ஒருவருடைய தொலைபேசி எண்ணைச் சொன்னால் அவருடைய விவரம் உடனே வர வேண்டும். முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனால் பொழுது விடிந்துவிடும்.

லூன் சொன்ன யோசனை: விவரங்களைப் பல வாளிகளில் போட்டு வை. எந்த வாளி என்பதை எண்ணே சொல்லட்டும்.

உதாரணமாக 243158 என்ற எண்ணை இரண்டிரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியையும் கூட்டு. 2-ம் 4-ம் 6. 3-ம் 1-ம் 4. 5-ம் 8-ம் 13. அதில் கடைசி இலக்கம் 3. ஆக 643-ம் வாளி. தேட வேண்டாம், நேராக அந்த வாளியில் கை விட்டால் போதும்.

பெரிய எண்ணை நறுக்கி, கலந்து, சிறிய அடையாள எண்ணாக மாற்றும் இந்த வேலைக்குப் பிற்காலத்தில் ஹாஷ் என்று பெயர் வந்தது. இறைச்சியையும் உருளைக் கிழங்கையும் கொத்திக் கலந்து செய்யும் ஒரு பதார்த்தத்தின் பெயர் அது. நம் ஊர் பாஷையில் கொத்துப் பரோட்டா என்று வைத்துக்கொள்ளலாம்.

வாசித்துச் சுருக்கும் எந்திரம்

1950-ம் ஆண்டுகளில் விஞ்ஞானக் கட்டுரைகள் மலைபோல் குவிந்தன. படிக்க ஆள் போதவில்லை. எந்திரத்தையே படிக்க வைத்தால் என்ன என்று லூன் நினைத்தார்.

ஒரு கட்டுரையில் எந்தச் சொற்கள் அடிக்கடி வருகின்றன என்று எந்திரம் எண்ணும். எங்கும் வரும் சாதாரணச் சொற்களைத் தள்ளிவிடும். முக்கியச் சொற்கள் நெருக்கமாக உள்ள வாக்கியங்களைப் பொறுக்கி எடுத்து வரிசையாக அடுக்கும். அதுதான் சுருக்கம். 1958-ம் ஆண்டு இந்த முறையை அவர் வெளியிட்டார்.

கட்டுரைத் தலைப்பில் உள்ள ஒவ்வொரு முக்கியச் சொல்லையும் அகர வரிசையில் கொண்டுவந்து அட்டவணை தயாரிக்கும் முறையையும் வகுத்தார். அமெரிக்க வேதியியல் சங்கம் 1961-ம் ஆண்டில் தொடங்கிய ரசாயனத் தலைப்புகள் பத்திரிகை இந்த முறையில்தான் அச்சானது. மனிதர் மாதக்கணக்கில் செய்த வேலையை எந்திரம் விரைவில் முடித்தது.

1961-ம் ஆண்டில் லூன் ஐ.பி.எம். கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்றார். ஆனாலும் சும்மா இருக்கவில்லை. 1964-ம் ஆண்டில் அமெரிக்க ஆவண நிறுவனத்தின் தலைவர் பொறுப்பில் இருந்தார். அந்தப் பொறுப்பில் இருக்கும்போதே, 1964-ம் ஆண்டு ஆகஸ்டு 19-ந் தேதி, நியூயார்க் மாநிலம் ஆர்மாங்க் என்ற ஊரில் காலமானார். வயது 68.

உங்கள் சட்டைப் பையில் லூன்

காப்புரிமைக் காலம் முடிந்து, லூனின் கணக்கு உலகத்துக்கே பொதுச் சொத்தாகிவிட்டது.

வங்கிகள் தரும் டெபிட், கிரெடிட் அட்டைகளின் கடைசி இலக்கம் லூன் காவல் இலக்கம். ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டினால், வங்கியைக் கேட்காமலேயே கம்ப்யூட்டர் மறுத்துவிடுவது இதனால்தான்.

செல்போனில் நட்சத்திரம், கட்டம், 06, கட்டம் என்று அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் தெரியும். அதன் கடைசி இலக்கமும் லூன் கணக்குதான். போன் தொலைந்தால் போலீசில் கொடுக்க வேண்டிய எண் அது. இன்றே எழுதி வைத்துக்கொண்டு, மேலே சொன்னபடி கூட்டிப் பாருங்கள். பத்தின் மடங்கு வந்தால் சரியாக எழுதியிருக்கிறீர்கள்.

லூன் போட்ட பாதையில் மற்றவர்களும் நடந்தார்கள். லூன் கணக்குக்கு ஒரு குறை உண்டு. 09 என்பதை 90 என்று மாற்றி எழுதினால் அது கண்டுபிடிக்காது. நெதர்லாந்து நாட்டுக் கணித அறிஞர் வெர்ஹோஃப் 1969-ம் ஆண்டில் இந்தக் குறையும் இல்லாத வேறு முறையை வகுத்தார். நம் ஆதாரின் 12-வது இலக்கம் வெர்ஹோஃப் முறையில் வந்தது.

ரெயில்வே யார்டில் நிற்கும் சரக்கு வேகன்களைக் கவனித்திருப்பீர்கள். பக்கவாட்டில் 11 இலக்க எண் எழுதியிருக்கும். அதிலும் கடைசி இலக்கம் காவல் இலக்கம்தான். கணக்கு முறை வேறு, நோக்கம் ஒன்று.

காவலாளி வேறு, போலீஸ் வேறு

ஒரு விஷயத்தை நன்றாக நினைவில் வைக்க வேண்டும்.

லூன் கணக்கு கைத்தவறைப் பிடிக்கும். மோசடியைப் பிடிக்காது. கணக்கு தெரிந்த எவனும் சரியான காவல் இலக்கத்தோடு ஒரு போலி எண்ணை உருவாக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு எழுதும் எண்களிலும் பத்தில் ஒன்று தேறிவிடும். எண் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று மட்டுமே அது சொல்லும். எண் யாருடையது என்று சொல்லாது.

மோசடியைப் பிடிக்க வலுவான கணக்கு வேண்டும். லூனின் கொத்திக் கலக்கும் யோசனை அங்கேதான் பெரிய மரமாக வளர்ந்தது.

இன்டர்நெட்டிலிருந்து ஒரு கோப்பை இறக்குகிறோம். வழியில் அது சிதைந்திருக்கலாம். யாரேனும் விஷமி உள்ளே வைரஸைச் செருகி, அதே பெயரில் வேறு கோப்பை வைத்திருக்கலாம். வெளியே பார்த்தால் தெரியாது.

ஆகவே கோப்பு முழுவதையும் கொத்திக் கலந்து ஓர் அடையாள எண்ணாக்கி, கோப்பைத் தயாரித்தவர்கள் வெளியிடுகிறார்கள். எஸ்.எச்.ஏ.256 என்ற முறையில் இந்த அடையாளம் 64 எழுத்து நீளம் இருக்கும். கோப்பில் ஒரே ஒரு காற்புள்ளி மாறினாலும் அடையாளம் அடியோடு மாறிவிடும். கொத்துப் பரோட்டாவை மறுபடி முழுப் பரோட்டாவாக்க முடியாததுபோல, அடையாளத்தை வைத்துக் கோப்பைத் திரும்ப உருவாக்க முடியாது.

சரிபார்ப்பது எளிது. லினக்ஸ் கம்ப்யூட்டரில் கட்டளைத் திரையைத் திறந்து, ஆங்கில எழுத்தில் எஸ்எச்ஏ256சம் என்று சேர்த்துத் தட்டி, ஓர் இடம் விட்டுக் கோப்பின் பெயரை எழுதி எண்டர் அழுத்த வேண்டும். விண்டோஸ் என்றால் செர்ட்யூட்டில் என்று தட்டி, இடம் விட்டு, ஒரு சிறு கோடு போட்டு அதோடு ஒட்டி ஹாஷ்ஃபைல் என்று எழுத வேண்டும். பிறகு கோப்பின் பெயர், கடைசியில் எஸ்எச்ஏ256. ஒவ்வொன்றுக்கும் இடையே ஓர் இடம் விட வேண்டும்.

திரையில் வரும் 64 எழுத்தும் தயாரித்தவர்கள் வெளியிட்ட 64 எழுத்தும் ஒன்றாக இருந்தால் கோப்பைத் திறக்கலாம். ஓர் எழுத்து வேறாக இருந்தாலும் அழித்துவிட்டு மறுபடி இறக்க வேண்டும். முதல் நாலு எழுத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடையக்கூடாது.

அடையாள எண்ணைக் கோப்புக் கிடைத்த இடத்திலிருந்தே எடுக்காமல், தயாரித்தவர்களின் சொந்த இணையதளத்திலிருந்து எடுப்பது நல்லது. கோப்பை மாற்றிய திருடன் பக்கத்தில் உள்ள எண்ணையும் மாற்றி வைத்திருக்கலாம் அல்லவா!

கொத்தும் முறைகளும் பழையதாகிவிடும். 1991-ம் ஆண்டில் ரொனால்டு ரிவெஸ்ட் வகுத்த எம்.டி.5 முறையை 2004-ம் ஆண்டில் சீனப் பெண் கணித அறிஞர் வாங் குழுவினர் உடைத்தார்கள். இரண்டு வேறு வேறு சரக்குகளுக்கு ஒரே அடையாளம் வரும்படி செய்து காட்டினார்கள். எஸ்.எச்.ஏ.1 முறைக்கு 2017-ம் ஆண்டில் அதே கதி நேர்ந்தது. ஆகையால் எஸ்.எச்.ஏ.256 கிடைக்கும்போது பழையவற்றை நம்ப வேண்டாம்.

அலுப்புப் பார்க்காதீர்கள்

லூன் பெரிய கல்லூரிப் பேராசிரியர் அல்ல. அச்சுக்கூடத்தில் பிறந்து, ஜவுளித் தொழிலில் பிழைத்து, கடல் கடந்து போய், 45 வயதில் புது உத்தியோகம் பார்த்தவர். தவறு செய்த குமாஸ்தாவை அவர் திட்டவில்லை. தவறு நேருவது இயற்கை என்று ஒப்புக்கொண்டு, அது ஆளைக் கெடுக்காமல் இருக்க வழி செய்தார்.

ஆனால் அவருடைய காவலாளி எல்லா வாசலிலும் நிற்பதில்லை. நம் நாட்டு வங்கிகளின் கணக்கு எண்களுக்கு எல்லா வங்கிக்கும் பொதுவான காவல் இலக்கம் கிடையாது. எண்ணும் நீளத்தில் வங்கிக்கு வங்கி வேறுபடும். அதனால்தான் பணம் அனுப்பும்போது கணக்கு எண்ணை இரண்டு தடவை எழுதச் சொல்கிறார்கள். முதலில் எழுதியதைப் பார்த்துக் காப்பி அடிக்காதீர்கள். ஊரிலிருந்து வந்த பாஸ்புக் நகலைப் பார்த்து இரண்டாவது தடவையும் புதிதாக எழுதுங்கள். பெறுகிறவர் பெயர் திரையில் வந்தால், அதைப் படித்துவிட்டுப் பிறகு பொத்தானை அழுத்துங்கள்.

ஒரு மாதச் சம்பளம் சம்பாதிக்க முப்பது நாள் ஆகிறது. எண்ணைச் சரிபார்க்க அரை நிமிடம் ஆகிறது. காவல் இலக்கம் இல்லாத இடத்தில் நாம்தான் காவல்.